மைனரின் தேவைக்காக

2018 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, மயிலாப்பூர் கச்சேரி சாலைத் தபால் நிலையத்தில் நின்றபடியே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். என் மகன் பெயரில் என் அம்மா மாதம் 200 ரூபாய் கட்டிவந்த ஆர்.டி. கணக்கு அது. 2008-ல், அவனுக்கு 5 வயது முடிந்ததும் தொடங்கியது. ஐந்து வருடம் ஆனதும் இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டியிருந்தார். வட்டியோடு சேர்ந்து 35,700 ரூபாய் சொச்சம் வந்திருந்தது. மைனர் கணக்கிலிருந்து பணம் எடுக்கும்போது காப்பாளர் ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். பிள்ளை உயிரோடு இருக்கிறான், இன்னும் மைனர்தான், இந்தப் பணம் அவனுடைய தேவைக்காகத்தான் எடுக்கப்படுகிறது என்று. கவுண்டரில் இருந்தவர் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்து, "இங்க ஒண்ணு போடுங்கம்மா" என்றார். போட்டேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எனக்குக் கை நடுங்கவே இல்லை.

அந்தப் பணம் முழுவதும் என் கிரெடிட் கார்டு பாக்கிக்குப் போனது.

அதோடு நிற்கவில்லை. கணக்கு முதிர்ந்துவிட்டது, அடையாறில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் தொடங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப மாசாமாசம் உன்கிட்டயே குடுத்துடறேன்" என்றார். அப்பா வேலையில் இருக்கும்போதே 2001-ல் போய்விட்டார். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் அம்மாவுக்கு வருவது மாதம் 1,000 ரூபாய். 2014-ல் அரசு குறைந்தபட்சத் தொகையை உயர்த்திய பிறகுதான் அதுவும். அந்த ஆயிரத்திலிருந்து இரண்டு 100 ரூபாய்த் தாளை மடித்து, ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் என் கையில் வைப்பார். நான் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு மந்தைவெளி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவிட்டு வீட்டுக்குப் போவேன். 2018 மே முதல் 2024 செப்டம்பர் வரை 77 மாதங்கள். 15,400 ரூபாய்.

நான் கணக்குத் தெரியாதவள் இல்லை. தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் உள்ள ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரார் வங்கிக் கணக்கையெல்லாம் சரிபார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வட்டி எப்படி ஏறும், ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வளர்ந்த வீட்டையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. பணத்தைப் பற்றி ஒரு குழந்தைக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அவ்வளவையும் என் அம்மா எனக்குக் காட்டித்தான் வளர்த்தார். அப்படி வளர்ந்தவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று யோசிக்கும்போதெல்லாம் ஒரே இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன். 1986, நவம்பர்.

அப்போது சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ஒரே கிணறு, ஐந்து குடித்தனம். நான் ஏழாம் வகுப்பு. பள்ளியில் சஞ்சாயிகா என்று மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் படித்தவர்கள் பலருக்கும் நினைவிருக்கும். 25 காசு, 50 காசு என்று கொண்டுபோய்க் கொடுப்போம். டீச்சர் சின்னப் பாஸ்புத்தகத்தில் எழுதித் தருவார். என் புத்தகத்தில் 64 ரூபாய் சேர்ந்திருந்தது. அக்டோபர் 30 சிக்கன நாள் என்பதால் பள்ளியில் பேச்சுப் போட்டி வைப்பார்கள். அந்த வருடம் சேமிப்பைப் பற்றிப் பேசி எனக்குத்தான் முதல் பரிசு. ஓர் எவர்சில்வர் டம்ளர்.

அப்பா வேலை பார்த்த கம்பெனியில் கதவடைப்பு வந்து மூன்றாவது மாதம். வாடகை 160 ரூபாய். ஒருநாள் ராத்திரி சாப்பாடு ஆனதும் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சம்பளம் வரவில்லை, கையில் நூறு ரூபாய்தான் இருக்கிறது, வாடகைக்கு இன்னும் 60 வேண்டும் என்று வரவு செலவு நோட்டைத் திறந்து காட்டினார். "உன் சஞ்சாயிகா பணத்துலேர்ந்து 60 ரூபா எனக்குக் கடனா குடுக்கறியா? பொங்கலுக்கு அப்புறம் மாசம் பத்து பத்தா திருப்பித் தந்துடறேன்" என்று கேட்டார். கட்டளையாகச் சொல்லியிருந்தால் கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். அவர் கேட்டார். பெரிய மனுஷியிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று பணம் வேண்டும் என்றேன். "எதுக்கு?" என்றார் டீச்சர். "அம்மா கேட்டாங்க" என்றேன். "போன மாசம் சேமிப்பைப் பத்திப் பேசிப் பரிசு வாங்கினவளே வந்து எடுக்கறியா?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குள் எத்தனை வருடம் கிடந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல்.

அம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கதவடைப்பு முடிந்து சம்பளம் வரத் தொடங்கியதும், அடுத்த ஜனவரியிலிருந்து ஆறு மாதம், மாதம் பத்து ரூபாய். நோட்டில் என் பெயருக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தார். ஒவ்வொரு தடவையும் தேதி எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வார். கடைசித் தவணையோடு இரண்டு ரூபாய் அதிகம் தந்து, "இது வட்டி" என்றார். "எண்ணிப் பாரு. அம்மாவா இருந்தாலும் எண்ணித்தான் வாங்கணும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். நான் ஒருமுறைகூட எண்ணவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். அடகு வைக்கப் போகும்போதும் என்னைக் கூடவே கூட்டிப்போவார். பஜார் ரோட்டில் சேட்டுக் கடை வாசலில் நின்று, சீட்டை என் கையில் கொடுத்து, எத்தனை கிராம், எவ்வளவு பணம், மாதத்துக்கு என்ன வட்டி, எப்போதுக்குள் மீட்க வேண்டும் என்று படிக்கச் சொல்வார். நான் கூசிப்போய், தெருவில் தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் அம்மா எனக்குக் கொடுத்தது மரியாதை. நான் அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது. எனக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதன் முன்னால் பணம் என்ற பேச்சே எடுக்க மாட்டேன், அதனிடம் ஒருநாளும் எதையும் கேட்க மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பன்னிரண்டு வயதில் எடுத்த முடிவு. அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நாற்பது வயதிலும் எனக்குத் தோன்றவில்லை.

2003-ல் மகன் பிறந்தான். 2009-ல் அவன் பள்ளிக்காக மந்தைவெளியை விட்டு அடையாறு இந்திரா நகருக்கு வீடு மாறினோம். வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருவர் சம்பளம் வருகிறதே என்று என் கணவர் சம்மதித்தார். வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் என் பொறுப்பு, வாடகையும் ஊரில் அவர் பெற்றோருக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். அதனால் என் பக்கம் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாமல் போயிற்று. அந்த ஏற்பாடு எனக்கு வசதியாக இருந்தது. 2011-ல் முதல் கார்டு வாங்கினேன். பள்ளிக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்ட முடியாத ஒரு ஜூன் மாதம்.

எல்லாச் செலவையும் இங்கே எழுதப் போவதில்லை. பிறந்தநாளுக்கு ஹால் எடுத்தது, ஸ்கேட்டிங், நீச்சல், கல்விச் சுற்றுலா, போன். எந்த வீட்டிலும் இருப்பதுதான். ஒன்றை மட்டும் எழுத வேண்டும்.

2015 கோடை விடுமுறை. பையன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். தி.நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு மட்டை வாங்கப் போனோம். கடைக்காரர் இரண்டு மட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒன்று காஷ்மீர் வில்லோ, 1,400 ரூபாய். மற்றது இங்கிலீஷ் வில்லோ, 7,500. பையன் இரண்டையும் தூக்கிப் பார்த்தான். விலை எழுதிய சின்ன வெள்ளைச் சீட்டுகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என் காதருகே வந்து, "இதுவே போதும்மா. இப்போதைக்கு டென்னிஸ் பால்லதானே ஆடறேன்" என்று காஷ்மீர் வில்லோவைத் தொட்டான். 12 வயது. எனக்கு 60 ரூபாய் கேட்கப்பட்ட அதே வயது. அவனுக்குத் தானாகவே அளவு தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பாட்டியின் கணக்கு அவனுக்குள் இருந்தது. நான் என்ன செய்தேன்? "விலையெல்லாம் நீ பாக்காதே. அது என் வேலை" என்று கொஞ்சம் கடிந்தே சொல்லி, 7,500 ரூபாய் மட்டைக்கு கார்டைத் தேய்த்தேன். கடையை விட்டு வெளியே வந்து உஸ்மான் ரோட்டில் நடக்கும்போது எனக்கு எவ்வளவு பெருமை! அன்று நான் அவனிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று தெரிந்துகொள்ள ஒன்பது வருடம் ஆயிற்று.

கார்டு பாக்கியைப் பற்றி, தெரிந்தே செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். 2018 தொடக்கத்தில் ஒரு கார்டில் மட்டும் 1,20,000 ரூபாய் நின்றது. மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 4,200. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 756 ரூபாய். குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை பாக்கியில் 5 சதவீதம், 6,000. அதைக் கட்டினால் அசலில் கழிவது 1,044 ரூபாய். அந்த மாதம் அதே கார்டில் 2,000 ரூபாய்க்கு மளிகை வாங்கியிருந்தால், கட்டிய பிறகும் கடன் கூடித்தான் இருக்கும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் தீர வருடக்கணக்காகும், வட்டிக்கு வட்டி ஏறும் என்று பில்லிலேயே அச்சடித்திருப்பார்கள். அதையும் படித்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் அந்தப் பில்லை நீட்டியிருந்தால், "சார், முதல்ல இதை முடிங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். என் பில் வந்தால் குறைந்தபட்சத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிட்டு, மின்னஞ்சலை அழித்துவிடுவேன்.

இதற்கிடையில் தி.நகர் நகைக்கடை ஒன்றில் மாதம் 2,000 ரூபாய் நகைச் சீட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து கட்டினோம். பதினோரு மாதச் சீட்டு. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் ஈடுசெய்யாவிட்டால் கம்பெனிச் சட்ட விதிப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்பதால்தான் நகைக்கடைச் சீட்டுகள் ஒரு வருடத்துக்குள் முடிகின்றன. இதை ஆபீஸ் தோழிகளுக்கு விளக்கியவளே நான்தான். 3.5 வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு, அதே கையால் சீட்டும் கட்டினேன். நான் மட்டும் விலகினால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். ஏழாம் வகுப்புச் சிரிப்பு மறுபடி கேட்டுவிடக் கூடாது என்ற பயம்.

அம்மா போட்ட வளையல்கள் இரண்டையும் அடகு வைத்தேன். அவர் போன பஜார் ரோட்டுக்கு நான் போகவில்லை. யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு கிளையைத் தேடிப் போனேன். மீட்டு, மறுபடி வைத்து, மூன்றாவது முறை மீட்க முடியவில்லை. அவையும் போயின.

மயிலாப்பூரில் பிறந்த யாரும் பணத்தின் அருமை தெரியாமல் வளர முடியாது. 1872-லேயே தெற்கு மாட வீதியில் நிதி ஒன்றைத் தொடங்கி, உறுப்பினர்களுக்குள்ளேயே போட்டும் எடுத்தும் வாழ்ந்த ஊர். 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, சென்னையில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பை அழித்தபோது, கடன்கொடுத்தவர்கள் சார்பில் நின்று, நம் பணத்துக்கு நம்மவர்களே ஒரு வங்கி நடத்த வேண்டும் என்று புறப்பட்டவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி பிறந்தது அப்படித்தான். 2024-ல் தெற்கு மாட வீதியின் அதே பழைய நிதியில் முதிர்வுத் தொகையும் வட்டியும் திரும்ப வராமல், பணம் போட்டவர்கள் வாசலில் கூடினார்கள். பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டு, ஆகஸ்டில் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தது. அந்த நாட்களில் ஒருமுறை அந்த வழியாக அம்மா வீட்டுக்குப் போனேன். பணி ஓய்வுப் பணத்தைப் போட்டவர்கள், பேத்தி கல்யாணத்துக்கென்று போட்டவர்கள், பாஸ்புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் மார்போடு அணைத்துப் பிடித்த ஒரு பாட்டி. என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் சரியாகச் சேர்த்தவர்கள். நம்பிக் கொடுத்தவர்கள். என் அம்மாவும் அப்படித்தான் நம்பிக் கொடுத்தார். அந்த அம்மாவிடம் அன்றைக்கும் 200 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

செப்டம்பர் மாதம் ஒரு காலை, ஆபீஸில் இருக்கும்போது ஒரு போன். என் மகன் பெயரைச் சொல்லி, லோன் ஆப்பில் வாங்கிய கடனுக்கு இரண்டு தவணை பாக்கி, அவர் போனை எடுப்பதில்லை, உங்கள் எண்ணைத் தந்திருக்கிறார் என்றான் ஒருவன். 42,000 ரூபாய். ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மாடிப்படியில் நின்று பேசினேன். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

ராத்திரி அவன் வந்ததும் சண்டை போட்டேன். எங்களிடம் சொல்லாமல் கடன் வாங்குகிற அளவுக்கு என்ன குறை வைத்தேன் என்று கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தவில்லை. கடனில் ஒரு பகுதி போனுக்கு. 11,000 ரூபாய், ஜூலையில் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு தி.நகரில் எடுத்துத் தந்த பட்டுப்புடவைக்கு. அந்தப் புடவையை ஆபீஸில் எல்லாரிடமும் காட்டியிருந்தேன். "எங்கிட்டப் பணம் இல்லைனு சொல்லியிருந்தா புடவையே வேணாம்னு சொல்லியிருப்பேனே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டே அவன் சொன்னான்: "பாட்டி கணக்கு இல்லேங்கறது எனக்கு 2019-லேர்ந்தே தெரியும்மா."

லஸ் கார்னரில் ஒருநாள், பாட்டியின் ஆர்.டி.யைப் பார்த்துக்கொண்ட தபால் நிலைய ஏஜென்ட் அக்கா அவனைப் பார்த்து, "அடையாறுல புதுசா ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டிருக்கிறார். 16 வயதுப் பையன். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பீரோவில் பாஸ்புத்தகத்தைத் தேடியிருக்கிறான். இல்லை. என் கார்டு பில்கள் இருந்தன. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு 18 முடிந்ததும் பாட்டி, "உன் புத்தகத்தைக் கொண்டாந்து காட்டுடா" என்று கேட்டிருக்கிறார். "இப்பல்லாம் புத்தகம் இல்ல பாட்டி, போன்லயே பாக்கலாம்" என்று சொல்லி, தன் போனில் ஏதோ ஒரு திரையைக் காட்டியிருக்கிறான். கண்ணில் புரை விழுந்த என் அம்மா போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து, "நல்லா சேர்ந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டாராம்.

ஐந்து வருடம் என் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். நான் அவனிடமிருந்து மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னை ஊரிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தான். பணப் பேச்சு அவன் காதில் விழாமல் வளர்க்கிறேன் என்றேனே, அந்த வீட்டில் அவன் கற்றுக்கொண்டது இதுதான். அன்பு இருந்தால் கடன் வாங்கியாவது வாங்கித் தர வேண்டும். கடன் இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு பட்டுப்புடவையில் இரண்டையும் செய்து காட்டிவிட்டான்.

அன்று ராத்திரியே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கார்டு, வளையல், பையன் கணக்கு, அம்மாவின் 200. அடுத்த நான்கு நாட்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. அது அவருடைய துக்கம். ஐந்தாம் நாள் அவரே ஒரு பேப்பரை எடுத்து வந்து, மொத்தம் எவ்வளவு என்று எழுதச் சொன்னார். இரண்டு கார்டும் சேர்ந்து 2,36,000. என் சங்கிலியை விற்றோம். மீதிக்கு வங்கியில் நகைக்கடன் எடுத்து, கார்டு இரண்டையும் மூடினோம். கார்டில் வருடத்துக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த வட்டி, அதில் கால்வாசியாகக் குறைந்தது. பதிமூன்று வருடத்தில் எந்த நாளிலும் இதைச் செய்திருக்கலாம். வீட்டில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும். பையனின் கடனை நாங்கள் கட்டவில்லை. கட்டுகிறேன் என்றுதான் நான் நின்றேன். அவர் விடவில்லை. "அவன் சம்பளத்துல அவனே கட்டட்டும். எவ்வளவு மிச்சம்னு மட்டும் மாசாமாசம் நம்மகிட்டச் சொல்லட்டும்" என்றார்.

அம்மாவிடம் சொல்வதுதான் மிச்சம்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. நவராத்திரி. மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி என்று ஊரே கடற்கரைக்குக் கிளம்பியிருந்தது. மந்தைவெளியைத் தாண்டி ஆட்டோ நகரவில்லை. நானும் பையனும் இறங்கி, அந்த வெயிலில் கூட்டத்துக்கு ஊடே சித்திரக்குளம் வரை நடந்தோம். அம்மா என் தம்பி வீட்டில் இருக்கிறார். முன்னறையில் கொலு. அதற்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, "அம்மா, பையன் கணக்குப் பணத்தை நான் எடுத்துட்டேன்" என்றேன். அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "என்னது?" என்றார் அம்மா. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொல்வதுதான் கஷ்டம். முதல் முறை வார்த்தை தானாக வந்து விழுந்துவிட்டது. இரண்டாவது முறை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மாதம் 200 ரூபாய் வாங்கியதையும் சொன்னேன். தபால் நிலையத்தில் போட்ட கையெழுத்தையும் சொன்னேன்.

அம்மா அழவில்லை. திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பையனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா?" என்றார். அவன் தலையசைத்தான். "போன்ல காட்டினியே?" என்றார். அவன் பதில் சொல்லாமல் அவர் காலடியில் வந்து உட்கார்ந்தான். அம்மா அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். எனக்கு அந்தக் கை தேவைப்பட்டது. கேட்க முடியவில்லை.

பிறகு எழுந்து உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். 1986-ல் இருந்தது போலவே நீள நோட்டு, அட்டை மட்டும் வேறு. புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதி, 35,700, 15,400 என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக் கூட்டினார். 51,100. ஏஜென்ட் அக்காவுக்குப் போன் செய்து இப்போது ஆர்.டி. வட்டி என்ன என்று கேட்டார். 6.7. "எதுக்குமா, புதுசா போடப் போறீங்களா?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. "இல்ல, என் பொண்ணு பேரன் பணத்தை எடுத்து செலவு பண்ணிட்டா. திருப்பிக் கட்டறா" என்றார் அம்மா, கத்திரிக்காய் விலை சொல்வதுபோல. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு, "எந்த மாசத்துலேர்ந்து ஆரம்பிக்கற?" என்று கேட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து என்றேன். மாதம் 2,500. வங்கியில் மாற்றிவிட அம்மா சம்மதிக்கவில்லை. அவர் முன்னால், ரொக்கமாக, பையன் கையில் கொடுக்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் அந்த நாற்காலியைச் சுற்றி உட்காருகிறோம். இதுவரை 14 தவணை ஆகியிருக்கிறது. அம்மா தேதி எழுதுகிறார். நான் ஐந்து 500 ரூபாய்த் தாள்களை நீட்டுகிறேன். பையன் வாங்கி, ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான்.